நாலாவது மாடிக்குப் போன கன்று

ஒரு கன்றுக்குட்டிக்கு மருந்து கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். கொடுத்தாக வேண்டும் என்று தெரிந்தேதான் சொன்னேன். முப்பத்தொரு வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். அதிலும் ஒட்டுண்ணிகள்தான் என் பாடம். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்க வழியில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே படித்துச் சிரிக்கிறவர்கள் (சிரிப்பீர்கள், எங்கள் வீட்டில் ஏழு வருடமாகச் சிரிக்கிறார்கள்) எப்பேர்ப்பட்ட ஆளைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு சிரிக்கட்டும்.

என் மகள் வித்யா அடையாறில் நாலாவது மாடியில் ஒரு வீடு வாங்கினாள். பால்கனியில் நின்றால் ஆறு கடலோடு சேரும் இடம் தெரியும். காலையில் பார்த்தால் எது தண்ணீர், எது வானம் என்று சொல்ல முடியாது. தை மாதத்தில் ஒரு முகூர்த்த நாள் பார்த்து, விடியற்காலை கிருகப்பிரவேசம் வைத்தார்கள். எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: பசுவும் கன்றும். வேறெதையும் என்னை நம்பிக் கொடுப்பதில்லை என்பது எங்கள் குடும்பத்தின் பழைய தீர்மானம். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக் காரை வேறொரு மண்டபத்துக்கு அனுப்பிவைத்தவன் நான். அங்கே இருந்தவர்கள் அந்தக் காரில் தங்கள் மாப்பிள்ளையை ஏற்றி ஒரு சுற்றுப் போயும் வந்துவிட்டார்கள்.

முகூர்த்த நாளில் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் பசு கிடைப்பது நாதஸ்வரம் கிடைப்பதைவிடக் கஷ்டம். கன்றோடு வேண்டும், முட்டக் கூடாது, ஹோமப் புகைக்கு மிரளக் கூடாது. நல்ல வேளையாக எங்கள் தெருவுக்குப் பின்னால் கன்னியம்மா இருந்தாள். நாலு மாடு வைத்திருந்தாள். இருபது வருடமாக எங்கள் வீட்டுக் காப்பி அவள் பாலில்தான். அவளுடைய லட்சுமி அப்போதுதான் ஒரு கன்று போட்டிருந்தது.

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டிவிட்டார். பசுவுக்குத் தரைத்தளம் மட்டுமே. கன்றை மட்டும் சாமான் ஏற்றும் லிஃப்டில் மேலே கொண்டுபோகலாம். குடும்ப உறுப்பினர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அந்த உறுப்பினர் நான்தான் என்பதில் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

விசேஷத்துக்கு ஆறு நாள் முன்னால் கன்னியம்மாவின் கொட்டகைக்குப் போனேன். தகரக் கூரையில் இருந்த ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாகத் தரையில் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் கன்று நின்றது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஒரு மாதக் குட்டி. கால்கள் குச்சி, வயிறு பானை. ரோமம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. மூச்சில் ஒரு புளித்த வாடை. பின்புறம் களிமண் நிறத்தில் காய்ந்திருந்தது. குடலில் உருளைப்புழு. அந்தப் புழு தாய்ப் பசுவின் உடம்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். கன்று பிறந்ததும் விழித்துப் பாலோடு இறங்கி, கன்றின் குடலில் போய் வளரும். ஒரு மாதத்தில் ஒரு சாண் தாண்டிவிடும். என் ஆய்வகத்தில் அதை ஒரு ஜாடியில் போட்டு வைத்திருந்தோம். வருடா வருடம் அந்த ஜாடியைத் தூக்கிக் காட்டி முக்கால் மணி நேரம் பேசுவேன். அது எந்தக் கன்றின் வயிற்றிலிருந்து வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"வா சார், நல்ல நேரத்துக்கு வந்த" என்றாள் கன்னியம்மா. கையில் ஒரு பாட்டில். "இத்த கொஞ்சம் படிச்சி சொல்லு. பூச்சி மருந்து. எம்மாம் ஊத்தணும், எப்ப ஊத்தணும்னு இங்கிலீஷ்ல போட்டுக்கீது."

"ஆஸ்பத்திரியில சொல்லலையா?"

"சொன்னாங்களாம். மருமவன்தான் போய் வாங்கியாந்தான். வர வழியிலயே மறந்துட்டான். அவன் மூஞ்சி." கன்றின் வயிற்றைத் தடவினாள். "பால் குடிக்குது சார், உடம்பு மட்டும் ஏற மாட்டேங்குது. காளைக் கன்னு. பால் கறக்கவா போவுது? வளத்து கறிக்காரன்கிட்ட குடுக்கணும். எடை நின்னாதான் எனக்குத் துட்டு. அத்த வெச்சிதான் இந்தக் கூரைக்குத் தகரம் மாத்தலாம்னு கீறேன். மழை வந்தா மாடு நாலும் நனையுது."

"பேர் என்ன வெச்சிருக்க?"

"காளைக் கன்னுக்குப் பேர் வெக்கறதில்ல சார். வெச்சா குடுக்க மனசு வராது."

பாட்டிலை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். கன்று பிறந்த இரண்டாவது வாரத்திலேயே கொடுக்க வேண்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு வாரம் தாமதம். அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும். ஆனால் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். நாலைந்து நாள் வயிறு போகும். புழுக்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆறாம் நாள் வித்யாவின் வீடு. அவள் தன் ஆசையெல்லாம் சேர்த்துப் போட்ட வெள்ளைச் சலவைக்கல் தரை. வேறு கன்றுக்கு எங்கே போவது? அப்போது என் மனத்தில் ஒரு வாக்கியம் வந்தது. எப்படியும் கறிக்குப் போகிற கன்றுதானே. முட்டை கலந்த பிஸ்கட்டைக்கூட வீட்டுக்குள் விடாத ஒரு மனிதனின் மனத்தில் வந்த வாக்கியம் அது.

"ஒரு வாரம் கழிச்சுக் குடுத்தா போதும்னு போட்டிருக்கு" என்றேன். அவள் யோசிப்பதுபோல் இருந்தது. "இப்ப குடுத்தா சூடு" என்று சேர்த்துக்கொண்டேன். (விலங்கியல் வாத்தியார். சூடாம்.)

"சரி சார். படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பாட்டிலைக் கூரை இடுக்கில் செருகிவிட்டாள்.

அந்த விடியற்காலை இப்போது நினைத்தாலும் நடந்த விஷயம் மாதிரி இல்லை, யாரோ சொல்லிக் கேட்டது மாதிரி இருக்கிறது. பட்டு பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். பின்னால் கன்னியம்மா, லட்சுமி, கன்று. தெரு விளக்குகள் ஈரத்தில் கரைந்துபோய் மஞ்சளாக நின்றன. அடையாற்றுப் பாலத்தின்மேல் எங்களைத் தவிர யாரும் இல்லை. கீழே ஆறு இருப்பது வாடையில்தான் தெரிந்தது. லட்சுமியின் கழுத்து மணி ஒலிக்கும், நிற்கும், பாலம் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து திருப்பிக் கொடுக்கும். இப்படியே நடந்துகொண்டிருந்தால் விடியவே வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

பாலத்தின் நடுவில் கன்று உட்கார்ந்துவிட்டது.

"இன்னா சார், குந்திக்கிச்சி?"

"தூக்கம், கன்னியம்மா. குழந்தைதானே."

இது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது. அவள் குனிந்து கன்றைத் தூக்கித் தோளில் மாலைபோலப் போட்டுக்கொண்டாள். அதன் தலை என் பக்கம் தொங்கியது. கண்ணை மூடாமல் அடையாறு வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு வந்தது.

லட்சுமியைக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு தூணில் கட்டினோம். கன்னியம்மா அதற்குக் கொஞ்சம் தீனி போட்டுவிட்டுப் படியேறி வருவதாகச் சொன்னாள். நானும் கன்றும் லிஃப்டில் ஏறினோம். செயலாளர் சுவருக்கெல்லாம் பழைய போர்வை கட்டியிருந்தார். பின்பக்கக் கண்ணாடியை மட்டும் மறந்துவிட்டார். கதவு மூடியதும் இரண்டு கன்றும் இரண்டு கிழவர்களும் ஆனோம். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கீழே லட்சுமி கூப்பிட்டது. லிஃப்ட் ஏற ஏற அந்தக் குரல் ஒவ்வொரு மாடியாக இறங்கிப் போயிற்று. கன்று பதில் சொல்ல வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

வீட்டுக்குள் ஹோமப் புகை இடுப்பளவுக்கு நின்றிருந்தது. அதற்கு மேலே தலைகள், கீழே வெள்ளைத் தரை. கன்று வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தது. (வீடியோக்காரர் இன்னொரு முறை வரச் சொன்னார். மறுபடியும் வலது காலையே வைத்தது. அவ்வளவு நல்ல கன்று.) ஆளாளுக்கு வாழைப்பழமும் அகத்திக்கீரையும் நீட்டினார்கள். முகர்ந்து பார்த்துவிட்டு விலகியது. மெதுவாக நடந்து பால்கனிக்குப் போகும் கதவோரம் போய் நின்றது. வெளியே வெளுத்துக்கொண்டிருந்தது. ஆறும் கடலும் வானமும் ஒரே பால் நிறம். கன்று அதையே பார்த்தது. சாஸ்திரிகள்கூட மந்திரத்தை ஒரு மூச்சு நிறுத்தினார். யாரோ அழகு என்றார்கள். அழகாகத்தான் இருந்தது. என் பொய் நாலு காலில் கிழக்கே பார்த்து நின்றது.

அப்போது வால் மெல்ல உயர்ந்தது.

"கோமியம்! ரொம்ப விசேஷம்" என்று வித்யாவின் மாமியார் ஒரு வெள்ளிக் கிண்ணத்தோடு பாய்ந்தார். எழுபது வயதில் அவ்வளவு வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கிண்ணத்தை அவர் ஏந்திய இடம் மிகச் சரியான இடம். வந்ததுதான் கோமியம் இல்லை. களிமண் குழம்பு மாதிரி ஒன்று வந்தது. அதன் நடுவே வெள்ளையாக, ஒரு சாண் நீளத்துக்கு, நாலைந்து. அவை நெளிந்தன.

கிண்ணம் கீழே விழுந்து சலவைக்கல்லில் சுற்றிச் சுற்றி, நெடுநேரம் கழித்து அடங்கியது.

"பாம்புக் குட்டியா?" என்றது ஒரு குரல்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பாடம் நடத்தும் குரல் ஒன்று எனக்குள் தனிக்குடித்தனம் இருக்கிறது. அதற்கு எஜமான் யார் என்று தெரியாது.

"பாம்பு இல்லை" என்றது அந்தக் குரல், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி. "டாக்சோகாரா விட்டுலோரம். உருளைப்புழு வகை. தாய்ப்பாலில் கன்றுக்கு வருவது. இரண்டாவது வாரத்தில் மருந்து கொடுத்திருக்க வேண்டும். வயிறு பானைபோல் இருந்து, ரோமம் சிலிர்த்திருந்தால், பார்த்தவுடனே சொல்லிவிடலாம்."

மணி அடிக்கும் என்று காத்திருந்தேன்போல. அடிக்கவில்லை. வாசலில் கன்னியம்மா நின்றிருந்தாள், செருப்பை வெளியே விட்டுவிட்டு.

"பாத்தவுடனே சொல்லிடலாமா சார்?"

நான் குனிந்து கிண்ணத்தை எடுத்தேன்.

"அப்ப அன்னிக்கே உனக்குத் தெரியும்."

"என்னன்னா கேக்கறா அவ?" என்றாள் என் மனைவி சாந்தா, அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த பாலைப் பார்த்தபடியே.

"கறிக்குப் போற கன்னுதானேன்னு நென்ச்சிக்கினியா?" என்றாள் கன்னியம்மா. சத்தம் போடவில்லை. என் மனத்துக்குள் ஓடிய வாக்கியத்தை எப்படியோ எடுத்து என் கையிலேயே கொடுத்தாள். அந்த நேரத்தில் கன்றின் முன்னங்கால்கள் மடிந்தன. பிறகு பின்னங்கால்கள். தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டது.

அவள் முன்பக்கம் பிடித்தாள். நான் பின்பக்கம் பிடித்தேன். பின்பக்கம் பிடித்தவனின் பட்டு பஞ்சகச்சத்துக்கு என்ன ஆயிற்று என்று விவரிக்கப்போவதில்லை. "மாமா, பூர்ணாஹுதிக்கு நேரமாறது" என்று சாஸ்திரிகள் பின்னாலிருந்து கூப்பிட்டார். "இதோ" என்றேன். லிஃப்ட் கண்ணாடியில் மறுபடியும் நாங்கள். இப்போது எண்ணிக்கை கூடியிருந்தது. கண்ணாடியில் இருந்த கன்னியம்மாவும் என்னைப் பார்க்கவில்லை.

போன் செய்து வரவழைத்த கால்நடை மருத்துவர் ஓர் இளம்பெண். கார் நிறுத்தும் இடத்தில் மண்டியிட்டுக் கன்றின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"குடல்ல பந்து மாதிரி சுருண்டு கிடக்கு. இப்ப முழு மருந்தும் கொடுத்தா எல்லாம் மொத்தமா செத்து அடைச்சுக்கும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொடுக்கணும். பிழைக்குமான்னு மூணு நாள் போனாத்தான் சொல்ல முடியும்." நிமிர்ந்து பார்த்தார். "மருந்து வாங்கி வெச்சிருந்தேன்னு சொல்றீங்க. ஏம்மா கொடுக்கலை?"

கன்னியம்மா என்னைக் காட்டிக் கொடுக்கப்போகிறாள் என்று நின்றேன்.

"பாட்டில்ல எழுதினத சரியா படிக்கல டாக்டர்."

"படிக்கத் தெரியாதவங்களை வெச்சுப் படிச்சா இப்படித்தான்" என்றார் மருத்துவர்.

இரண்டு முதுகலைப் பட்டங்களோடு நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

மூன்று நாள் கன்று வித்யாவின் கார் நிற்க வேண்டிய இடத்தில் சாக்கின்மேல் கிடந்தது. லட்சுமி பக்கத்துத் தூணில். மூன்று நாளும் காலையிலிருந்து அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கன்னியம்மா வருவாள், மருந்து ஊற்றுவாள், பால் கறப்பாள், என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் போவாள். செயலாளர் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். பிறகு அவரே அதைக் கிழித்துவிட்டு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மதிய நேரத்தில் வெயில் வாசல் வழியாகச் சரிந்து கன்றின்மேல் படும். அதன் விலா ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே தூங்கிப்போவேன். விழித்ததும் விலா அசைகிறதா என்று பார்ப்பேன். கார்கள் வந்தன, போயின. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தப் பந்து வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் கன்று தலையைத் தூக்கி, என்னைத் தாண்டிப் பார்த்து, அம்மாவைக் கூப்பிட்டது. இந்த முறை சத்தம் வந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதேன்.

மறுவாரம் கொட்டகைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கன்றை நானே வாங்கி வளர்க்கிறேன் என்றும் சொன்னேன்.

"எங்க கட்டுவ? நாலாவது மாடிலயா?" என்றாள்.

"உனக்கு என்ன செய்யணும்னு சொல்லு."

"எனக்கு அது எடை ஏறணும். அந்த எடையத்தான் சார் நீ தின்னுட்ட. அத்த திருப்பிக் குடு."

அதைத்தான் செய்தேன். தினம் காலையில் புண்ணாக்கும் தவிடும் சுமந்துகொண்டு அவள் கொட்டகைக்குப் போனேன். ஒரு வருடத்துக்கு மேல். கன்று முதலில் வளரவே இல்லை. குடல் புண்ணாகிவிட்டால் தின்பது ஒட்டாது. (இதையும் முக்கால் மணி நேரம் நடத்தியிருக்கிறேன்.) கறிக்காரர் இரண்டு முறை வந்து, விலாவை அழுத்திப் பார்த்து, "இன்னாம்மா, ஆட்டுக்குட்டியாட்டம் கீது" என்று சொல்லிப் போனார். நான் பையைப் பெரிதாக்கினேன். தெருமுனையில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். உள்ளங்கையை நக்கும்.

"முட்டை போட்ட பிஸ்கட் ஆத்துல வரப்படாதும்பேள்" என்றாள் சாந்தா ஒரு நாள். "இப்போ கறிக்கு எடை ஏத்திண்டு வரேள். பெருமாள் கணக்கே புரியலைன்னா."

எனக்கும் புரியவில்லை. அது கொழுத்தால் போய்விடும். கொழுக்காவிட்டால் நான் பட்ட கடன் தீராது. ஒவ்வொரு காலையும் இரண்டையும் வேண்டிக்கொண்டுதான் நடந்தேன்.

ஒரு நாள் போனபோது முளையில் கயிறு மட்டும் இருந்தது.

"போயிடுச்சி சார், நேத்து சாயங்காலம்" என்றாள் கன்னியம்மா. முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "நல்ல எடை. நீ போட்டது வீணாவல" என்றாள். நான் பையோடு நின்றுகொண்டே இருந்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி லட்சுமியின் தொட்டியில் கொட்டினாள். மழைக்கு முன்னால் புதுத் தகரம் வந்துவிட்டது. ஓட்டை இல்லாத கூரைக்கடியில் கொட்டகை இருட்டாக, உலர்ந்து இருந்தது.

வித்யாவின் சலவைக்கல்லில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. எதைப் போட்டும் போகவில்லை. மேலே ஒரு விரிப்புப் போட்டிருக்கிறாள். விருந்தாளி வந்தால் பேத்தி விரிப்பைத் தூக்கி, "இது தாத்தா பாடம் நடத்தின இடம்" என்று காட்டுவாள். எனக்குத் தலைவலி என்று மாத்திரை கேட்டால் சாந்தா அட்டையைக் கண்ணருகே பிடித்துப் படிப்பாள்: "ஒரு வாரம் கழிச்சுக் குடுத்தா போதும்னு போட்டிருக்குன்னா." வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் சில விடியற்காலைகளில் அந்த லிஃப்ட் கனவில் வரும். நானும் கன்றும் மட்டும். நாலாவது மாடியில் நிற்காமல் மேலே போய்க்கொண்டே இருக்கும். கீழே லட்சுமியின் குரல் சிறுத்துக்கொண்டே போகும். கதவு திறந்தால் ஆறும் கடலும் சேரும் இடம். கன்று வலது காலை எடுத்து வைத்து இறங்கும், என்னைத் திரும்பிப் பார்க்காது.

இப்போதும் கன்னியம்மாவிடம் கன்று பிறந்தால் பத்தாம் நாள் எனக்கு ஆள் வரும். போவேன். அவள் பாட்டிலை நீட்டுவாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளில் இருக்கும் எல்லாவற்றையும் சத்தமாகத் தமிழில் சொல்ல வேண்டும். எந்த வயதில், எவ்வளவு, எப்போது மறுபடியும், எங்கே வைக்க வேண்டும், கடைசியில் தயாரித்தவர் விலாசம் வரை. முடிந்த பிறகுதான் கன்றின் வாயைத் திறப்பாள். இப்போது கண்ணில் புரை வேறு. போன மாதம் படிக்கும்போது ஓர் இடத்தில் எழுத்து மங்கலாக இருந்தது, தாண்டிப் போய்விட்டேன்.

"சார்" என்றாள் அவள், கன்றைப் பிடித்தபடி. "ஒரு வரி வுட்டுட்ட. மொதல்லேருந்து படி."

முதலிலிருந்து படித்தேன்.